வெண்கலக் குதிரைக்கு அரம் போட்ட கதை

பெட்டியை உடைத்ததும் முதலில் வெளியே தெரிந்தது குதிரையின் பின்பக்கம். அங்கே வால் இல்லை.

வால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு முளை மட்டும் நீட்டிக் கொண்டிருந்தது. கப்பலில் வந்து, கொச்சியில் இறங்கி, ரயிலேறி, போத்தனூரிலிருந்து மாட்டு வண்டியில் குலுங்கி வந்த சாமான் அது. இத்தனை கை மாறியதில் வால் ஒடிந்து போனால் அதிசயமில்லை. ஆகவே பெட்டிக்குள் அடைத்திருந்த வைக்கோலில் வாலைத் தேடினோம். நான், ஜட்கா ஓட்டும் மொய்தீன் அண்ணன், மில்லிலிருந்து பாரம் தூக்க வந்த எட்டு ஆட்கள். அந்த வைக்கோல் நம் ஊர் வைக்கோல் மாதிரி இல்லை. மரச் சீவல் கலந்து, மூக்கில் ஏறி, ஆளாளுக்குத் தும்மல் வரவழைத்தது.

அரை மணி நேரம் தேடியும் வால் கிடைக்கவில்லை. சரி என்று குதிரையை முழுசாக வெளியே எடுத்து நிறுத்தினோம். அப்போதுதான் கடிவாளமும் இல்லை என்று தெரிந்தது. சேணமும் இல்லை. மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு விரல்கள் இல்லை. மறுபடியும் வைக்கோலைக் கிளறினோம். பத்து விரலும் உதிர்ந்திருந்தால் ஒன்றிரண்டாவது அகப்பட வேண்டுமே.

பிறகு ஒருவர் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மற்றவர்களையும் பார்க்கச் சொன்னார். நாங்கள் தேடுவதை நிறுத்திவிட்டோம்.

முகமே இல்லை என்று சொல்ல முடியாது. மூக்கு என்று நினைத்துக் கொள்ள ஒரு மேடு இருந்தது. கண் என்று நினைத்துக் கொள்ள இரண்டு பள்ளம். மீதியெல்லாம் சொரசொரப்பு, கீறல், குழி. மொய்தீன் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக் கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவதா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இரும்புக்காரனுக்கு அங்கே என்ன வேலை

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். வாரா வாரம் இரும்பைப் பற்றியே எழுதுகிறீர்களே, உங்கள் வாழ்க்கையில் மனுசங்களே இல்லையா என்று கேட்கிறார். நியாயமான கோபம்தான். அதனால் இந்த வாரம் வெண்கலம்.

நான் அப்போது ஒரு பஞ்சு மில்லைச் சேர்ந்த பவுண்டரியில் இருந்தேன். கோயமுத்தூரில் பவுண்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்துக் கொண்டிருந்த காலம். என் வேலைக்கு ஃபெட்லிங் என்று பெயர். அச்சிலிருந்து எடுத்த வார்ப்பு பார்க்கச் சகிக்காது. மணல் பொருக்கு ஒட்டியிருக்கும். அச்சு சேர்ந்த இடத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும். அதையெல்லாம் உளியால் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, அரத்தால் தேய்த்து எடுத்தால்தான் உள்ளே இருக்கிற பம்ப்போ பல்சக்கரமோ வெளியே வரும். அழுக்கு வேலைதான். ஆனால் ஒரு சாமான் என் கையில்தான் சாமானாக மாறுகிறது என்கிற கர்வம் எனக்கு உண்டு. அந்த வயசுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. ஆர்.எஸ்.புரம் பங்களாவுக்கு அரம், உளியெல்லாம் எடுத்துக் கொண்டு உடனே வரச் சொன்னார்கள். அங்கே அப்போதுதான் வீடுகள் எழும்பிக் கொண்டிருந்தன. முதலாளியின் பங்களாவுக்கு இரண்டு பக்கமும் வெறும் காடு. கேட் கீல் ஏதாவது இறுகிப் போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். மோட்டார் ஷெட்டில் காரை வெளியே தள்ளிவிட்டு இந்தப் பெட்டியை வைத்திருந்தார்கள்.

முதலாளி வந்தார். குதிரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மில்லில் ஆயிரம் நூற்புக் கதிர் சுற்றுகிற சத்தத்தில் ஒரு கதிர் தளர்ந்து ஓடினாலும் கண்ணை மூடிக் கொண்டு கண்டுபிடிக்கிற மனுசர் அவர். அந்தக் குதிரை முன்னால் கையைப் பிசைந்து கொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் என்னிடம் சொன்னார்: "சுத்தமே பண்ணாம அனுப்பிச்சுப்போட்டாங்க போல இருக்குது பழனி. மணலு கிணலு எல்லாம் அப்படியே கெடக்குது. நீ பார்த்துச் சரி பண்ணிப்போடு."

ஒரே ஒரு படம்

இந்தக் குதிரை எதற்கு வந்தது என்று சொல்லாமல் மேலே போனால் குழப்பம்தான் மிஞ்சும். சொன்னாலும் மிஞ்சும், அது வேறு விஷயம்.

முதலாளிக்கு ஒரே பையன். சென்னியப்பன் என்று பெயர். பத்தொன்பது வயசில் விஷக் காய்ச்சல் வந்து பத்தே நாளில் போய்விட்டான். எங்கள் பவுண்டரிக்கு அடிக்கடி வருவான். உருக்கிய இரும்பை ஊற்றும்போது கிட்டே போய் நிற்பான், நாங்கள் பதறுவோம். அவனுக்கு ஒரு மட்டக் குதிரை இருந்தது. அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது. அதை ஓட்டக் கற்றுக் கொடுத்தது மொய்தீன் அண்ணன்தான்.

பையன் போன பிறகுதான் ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. அவனுக்குப் படமே இல்லை. அவன் அம்மா பெரியம்மிணிக்குப் போட்டோ என்றால் ஆகாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று திடமாக நம்பினார்கள். இன்றைக்குச் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். என் கல்யாணத்துக்கே என் மாமனார் போட்டோகாரரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் நல்ல ஆயுசு வாய்த்திருப்பதைப் பார்த்தால் மாமனார் சொன்னது சரிதானோ என்று சில சமயம் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு படம் இருந்தது. மில்லில் புது மிஷின்களை மாட்டுவதற்கு வெள்ளைக்காரர் ஒருவர் வந்து எட்டு மாதம் தங்கியிருந்தார். எரெக்டர் துரை என்று கூப்பிடுவோம். அவரிடம் கேமரா இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் சென்னியப்பன் குதிரை மேல் உட்கார்ந்து ஒரு படம் பிடித்துக் கொண்டான். சரியாகப் பிடிக்கிற நேரம் பார்த்துக் குதிரை தலையை உதறியது, இவன் சிரித்துக் கொண்டே திரும்பினான். குதிரையின் உடம்பு நன்றாக விழுந்தது. இவன் உடம்பும் விழுந்தது. முகம் மட்டும் கலங்கிப் போயிற்று.

துக்கத்துக்குக் கடிதம் எழுதிய துரை, தன் ஊர்ப் பக்கத்தில் ஒரு நல்ல சிற்பி இருப்பதாகவும், படத்தை அனுப்பினால் சிலை செய்து தருவார் என்றும் எழுதினார். அது எந்த தேசம் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. முதலாளி இத்தாலி என்பார். ஆபீஸ் குமாஸ்தா ஜெர்மனி என்பார். படம் போயிற்று. மாதங்கள் கழித்து இது வந்தது. இன்னும் இரண்டு நாளில் பையனுக்கு முதல் வருஷத் திதி. அன்றைக்குத் தோட்டத்தில் சிலையை வைப்பதாக உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

கூடவே துரையின் கடிதமும் வந்திருந்தது. குமாஸ்தா படித்துப் பொருள் சொன்னார். அந்தச் சிற்பி படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து மூன்று மாதம் பார்த்துக் கொண்டே இருந்தாராம். அதில் தனக்குத் தெரிந்ததை மட்டும் செய்திருக்கிறாராம். தெரியாததை இட்டுக்கட்ட அவருக்கு மனசு வரவில்லையாம்.

அவ்வளவு தூரத்திலிருந்து வந்த கடிதத்தில் இதற்கு மேல் ஒரு வரி இல்லை.

உள்ளங்கைக்குத் தெரிந்தது

எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு நான் கையால் பார்த்தேன். எங்கள் தொழிலில் கண்ணை நம்ப மாட்டோம். உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தால் எது பொருக்கு, எது காற்றுக் குழி, எது அச்சு விலகிய கோடு என்று கை சொல்லிவிடும்.

அன்றைக்குக் கை ஒன்றும் சொல்லவில்லை. அல்லது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை.

முதலில், அதில் மணலே இல்லை. துளி கூட இல்லை. எங்களை விட நன்றாகச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார்கள். அப்படியானால் இந்தச் சொரசொரப்பு எங்கிருந்து வந்தது? கீறல்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். வார்ப்பதற்கு முன்னால் மெழுகிலோ களிமண்ணிலோ போட்ட கீறல் என்றால், உலோகமாக வந்த பிறகு அதன் ஓரம் மழுங்கியிருக்கும். வார்த்த பிறகு உளியால் போட்டது என்றால் ஓரத்தில் விரலை வைத்தால் பிடிக்கும். இதில் இரண்டும் இருந்தன. அதாவது, ஒருத்தர் முதலில் மெனக்கெட்டுக் கரடுமுரடாகச் செய்து, அதை வார்த்து எடுத்து, அது போதாது என்று மறுபடியும் உளியை எடுத்து உட்கார்ந்து கரடுமுரடாக்கியிருக்கிறார்.

நான் வாழ்நாளெல்லாம் எதைத் தேய்த்து எடுக்கிறேனோ, அதை ஒரு மனுசர் நாள் கணக்கில் உட்கார்ந்து உண்டாக்கியிருக்கிறார்.

குதிரையின் கழுத்தில் ஒரு இடத்தில் கட்டைவிரல் ரேகையே பதிந்திருந்தது. சுழி சுழியாக, வெண்கலத்தில். என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதை விடச் சின்ன விரல். யாரென்றே தெரியாத ஒரு ஆளின் கையைத் தொட்ட மாதிரி இருந்தது, சட்டென்று எடுத்துவிட்டேன்.

நிறமும் ஒரு தினுசாக இருந்தது. மேடுகளில் செம்பழுப்பு, பள்ளங்களில் கருப்பு, வயிற்றின் கீழே பச்சை. உப்புக் காற்று பட்டதில் பச்சை பிடித்தது என்று நினைத்தேன். துணியால் துடைத்தேன், வரவில்லை. அதையும் யாரோ வேண்டுமென்றே வரவழைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் முனியப்பன் கோயிலில் குதிரை இருக்கிறது. சுண்ணாம்பு பூசி, பல்லெல்லாம் எண்ணி எண்ணி வைத்து, விழி பிதுங்க, கழுத்தில் மணியோடு நிற்கும். அது யாருடைய குதிரை, எதற்கு நிற்கிறது, யாரை மிதிக்கப் போகிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். இது கழுத்தைக் கம்பு மாதிரி நேராக நீட்டி, நாலு காலையும் தூண் மாதிரி ஊன்றி, காதைப் பின்னால் மடக்கி நின்றது. மேலே இருந்தவன் குட்டைக் கைகளை விரித்துக் கொண்டு அண்ணாந்து பார்த்தான். ஓடுகிறதா, நிற்கிறதா, பயப்படுகிறதா, ஒன்றும் பிடிபடவில்லை.

முதலாளி ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரையும் வரவழைத்திருந்தார். அவர் மூன்று தடவை சுற்றி வந்து, இந்தக் கலைஞன் குதிரையைச் செய்யவில்லை, குதிரையின் கனத்தைச் செய்திருக்கிறான் என்றார். கனம் எங்களுக்குத் தெரியும், தூக்கியவர்கள் நாங்கள்தானே. மாஸ்டர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மொய்தீன் அண்ணன் சொன்னது

குட்டையைத் தெளிய வைப்பார் என்று மொய்தீன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் குழப்பினார்.

குதிரையைப் பற்றிக் கேட்டால் உடனே சொன்னார். இது எதையோ கேட்டுவிட்ட குதிரை, இன்னும் என்ன செய்வது என்று முடிவு பண்ணவில்லை, காதைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். மேலே இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்டேன். அவர் பின்பக்கமாகப் போய் நின்றார். முகத்தைப் பார்க்காமல் முதுகை மட்டும் பார்த்தார்.

"மூஞ்சி யாருன்னு தெரியலப்பா. ஆனா ஒக்காந்திருக்கறது சின்ன முதலாளிதான்," என்றார். "எடது தோள எறக்கிப்போட்டுத்தான் ஒக்காருவாரு. நிமுந்து ஒக்காருங்க, நிமுந்து ஒக்காருங்கன்னு நானும் ரெண்டு வருசமாச் சொன்னேன். கேக்கவே இல்ல. பாரு, இங்கயும் கேக்கல."

நான் பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. கரடுமுரடான ஒரு முதுகு, கழுத்து எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு தலை. ஆனால் அந்தத் தோளை ஒரு தடவை பார்த்த பிறகு, பவுண்டரி வாசலில் குதிரையை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுகிற பையன் தெரிந்தான். முன்பக்கம் வந்தால் காணாமல் போனான். பின்பக்கம் போனால் இருந்தான். நான் பைத்தியக்காரன் மாதிரி முன்னும் பின்னும் நடந்தேன்.

இப்படி நடந்து கொண்டிருந்தபோதுதான் ஷெட் வாசலில் பெரியம்மிணி நிற்பதைக் கவனித்தேன். மொய்தீன் அண்ணன் சொன்னதை அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

நான் சொல்லக் கூடாத பதில்

அன்று நான் வேலையைத் தொடங்கவில்லை. மறுநாள் காலையில் போனபோது பெரியம்மிணி எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். குதிரை மேல் போர்த்தியிருந்த பவானி ஜமக்காளத்தை விலக்கிவிட்டு, அந்த ஆளின் முகத்தை இரண்டு கையாலும் தடவிக் கொண்டிருந்தார்கள். குதிரை சின்னதுதான். அவர்கள் நின்றால் அந்த முகம் அவர்கள் முகத்துக்கு நேராக வந்தது. நான் செருமினேன். கையை எடுக்கவில்லை.

"ஏங் கண்ணு, நீ பவுண்டரில என்ன வேலை செய்யறே?"

சொன்னேன். மணல் பொருக்கு மூடியிருக்கும், அதைத் தேய்த்து எடுத்தால்தான் உள்ளே இருக்கிறது தெரியும் என்று, எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே அவர்களிடமும் பெருமையாகச் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக் கொண்டது அங்கேதான்.

கையை எடுக்காமலே சொன்னார்கள்: "அந்தப் படத்தப் பார்த்துப் பார்த்து, கண்ண மூடுனாலும் அந்தக் கலங்கின மூஞ்சிதான் வருது கண்ணு. என்ற பையன் மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது. நாந்தான படம் புடிக்க வேண்டாம்னு சொன்னவ." பிறகு அந்த முகத்தைக் காட்டிக் கேட்டார்கள். "தோளு அவந்தானாமா. மொய்தீன் சொன்னான். அப்ப மொகமும் உள்ளாரதான இருக்கும்? தேச்சா வருமா?"

இல்லைங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மேலே இருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது, இதில் பொருக்கே கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் முழுக்கத் தடவிப் பார்த்தவன் நான். ஆனால் அவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு முன்னால் அந்த வார்த்தை எழும்பவில்லை. இன்னொன்றையும் ஒப்புக் கொள்கிறேன். ஒருவேளை இருந்துவிட்டால் என்கிற சபலம் எனக்குள்ளேயும் கொஞ்சம் இருந்தது. தோள் அப்படி வந்திருக்கும்போது முகம் ஏன் வரக் கூடாது?

"பார்க்கலாமுங்கம்மா," என்று சொல்லிவிட்டேன்.

வெண்கலத் தூள்

அரைவட்ட அரத்தை எடுத்து வலது கன்னத்தில் வைத்தேன். முதல் இழுப்பிலேயே செம்பழுப்பு போய் மஞ்சளாக மின்னியது. தூள் உதிர்ந்தது. பெரியம்மிணி சட்டென்று முந்தானையை விரித்துக் கீழே ஏந்தினார்கள். வேண்டாமுங்க, கறை பிடிக்கும் என்றேன். கேட்கவில்லை. பையனின் முகத்திலிருந்து உதிர்வது தரையில் விழக் கூடாது என்று அவர்களுக்கு. அதன் பிறகு நான் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் அந்த முந்தானையில் விழுந்தது.

வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்துக்குப் போனேன். பிறகு நெற்றி. பிறகு உப்புத்தாள் போட்டு மூன்றையும் தேய்த்தேன். வேலையைப் பொறுத்தவரை நல்ல வேலை. குழி இல்லை, கீறல் இல்லை, ஜன்னல் வெளிச்சம் அதில் பளபளத்தது. உள்ளே வெண்கலம் இருந்தது. அதற்கும் உள்ளே வெண்கலம்தான் இருந்தது.

மில்லில் பகல் சங்கு ஊதியது. நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டு நின்றேன்.

பெரியம்மிணி ஒரு கையால் முந்தானையைப் பிடித்தபடி இன்னொரு கையை முகத்தில் வைத்தார்கள். விரல் வழுக்கிக் கொண்டு கீழே வந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி வழுக்கியது. காலையில் நான் வரும்போது அந்த விரல்கள் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் நின்று நின்று போனதை நான் பார்த்திருந்தேன். இப்போது நிற்பதற்கு இடமே இல்லை. அந்தக் கரடுமுரடு எதற்கு என்று எனக்கு ஏதோ லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது. புரிந்து என்ன பிரயோசனம்? தேய்த்துத் தள்ளியாகிவிட்டது.

"அவனுக்குக் கன்னத்துல ஒரு அம்மத் தழும்பு இருந்துச்சு கண்ணு," என்றார்கள். "சின்னதா, குழியா. காத்தால தடவுறப்ப என்ற வெரல்ல பட்டுச்சு. அப்பத்தான் எனக்கே நெனப்பு வந்துச்சு. தேச்சு எடுத்துப்போட்டியா?"

கோபம் இல்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

திரும்ப அடித்துத் தருகிறேன், எந்தக் கன்னம் என்று கேட்டேன். அவர்கள் கையை இடது கன்னத்துக்குக் கொண்டு போனார்கள். பாதியில் நிறுத்தி வலது பக்கம் திருப்பினார்கள். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எதிரே அவன் நிற்பதாக வைத்துக் கொண்டு காற்றில் கையை நீட்டிப் பார்த்தார்கள். கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்து, கீழே இறங்கிவிட்டது.

"தேச்சவன் நீதான கண்ணு. உனக்குத் தெரியுமல்ல. எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எனக்குத் தெரியாது. அந்த முகத்தில் நூறு குழி இருந்தது. எது பையனின் தழும்பு, எது சிற்பியின் உளி, எது தற்செயல் என்று எனக்கு எப்படித் தெரியும்? கலங்கிப் போன படத்தை வைத்துச் செய்தவருக்கே அது தெரிந்திருக்க வழியில்லையே. ஒருவேளை எட்டு மாதம் கூட இருந்த துரை சொல்லியிருப்பாரோ? அதுவும் தெரியாது. ஆனால் பெரியம்மிணி முந்தானையில் தூளை ஏந்திக் கொண்டு என் வாயைப் பார்த்துக் கொண்டு நின்றார்கள்.

"இடது பக்கமுங்கம்மா," என்றேன்.

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அது எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. நான் நின்று கொண்டிருந்தது அந்தப் பக்கம். இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

புள்ளி அடிக்கிற சென்டர் பஞ்சை எடுத்து இடது கன்னத்தில் வைத்து, சுத்தியலால் ஒரே அடி. சிலை உள்ளே காலி, ணங்கென்று ஷெட் முழுக்கக் கேட்டது. பெரியம்மிணி விரலை அந்தக் குழியில் வைத்தார்கள். விரல் நின்றது. கண்ணை மூடிக் கொண்டார்கள்.

"இதேதான்," என்றார்கள். "இதேதான் கண்ணு."

முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், சத்தம் கேட்டு ஷெட்டுக்கு வந்தார். பெரியம்மிணி கண்ணைத் திறக்கவில்லை. அவர் பளபளத்த முகத்தையும், இடது கன்னத்தில் இருந்த விரலையும் பார்த்தார். தழும்பு என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் மறுபக்கம் போய், கட்டைவிரலை வலது கன்னத்தில் வைத்துத் தேடினார். கன்ன எலும்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரே இடத்தில், இரண்டு தடவை. அங்கே ஒன்றும் இல்லை. நான் தேய்த்த வழவழப்புதான் இருந்தது.

பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டார்.

"சரியான எடத்துலதான் அடிச்சிருக்கறே பழனி," என்றார். "மீதிய அப்படியே உட்டுப்போடு. தொட வேண்டாம்."

மறுநாள் திதிக்கு அந்தக் குதிரையைத் தோட்டத்தில் வைத்தார்கள். அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவரிடம் வேலை பார்த்தேன். எந்தக் கன்னம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.